மூல காரணம்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் ஹமீதா நேத்து சொல்லிட்டாங்க, தினமும் எழுதி வைங்கன்னு. தங்கத்துக்கு மூச்சு எப்படி இருக்கு, எவ்வளவு கஞ்சி இறங்குச்சு, எவ்வளவு நேரம் மாஸ்க் போட்டிருந்தா, எல்லாம். பெயிண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்துச்சு. எடுத்துட்டேன்.

மூச்சு: சுமார். கஞ்சி: அரை டம்ளர். மாஸ்க்: ராத்திரி பூரா, மத்தியானம் கொஞ்சம்.

கம்ப்யூட்டர்: மண்டையைப் போட்டுடுச்சு.

டாக்டருக்கு இது தேவையில்லைதான். எனக்குத் தேவை. முந்தாநாள்லேர்ந்து இதே ரோதனை. அஞ்சு நிமிசம் யாரும் தொடலைன்னா கம்ப்யூட்டர் ஸ்டாண்ட்பைக்குப் போகும், தூங்குத மாதிரி. போகட்டும், நானே வச்சதுதான் அது. கடையில எல்லா மிஷினுக்கும் அப்படித்தான் வைப்பேன், பழகிப் போச்சு. ஆனா இந்தச் சனியன் போய்ச் சேரவும் மாட்டேங்குது, திரும்பி வரவும் மாட்டேங்குது. திரை கறுத்துப் போகுது. உள்ள ஃபேன் ஓடுது, லைட் எரியுது, மவுஸை ஆட்டினா ம்ஹூம், கீபோர்டைத் தட்டினா ம்ஹூம். பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சுட்டுத்தான் மறுபடி போடணும். போட்டா, தங்கம் அதுவரைக்கும் எழுதினது அம்புட்டும் போயிருக்கும்.

தங்கம் எழுதுததுன்னா சும்மா இல்ல. இந்த நரம்பு வியாதி வந்து மூணு வருசம். முதல்ல கால், அப்புறம் கை, போன வருசம் பேச்சு. இப்ப அசையறது வலது கை கட்டை விரல் ஒண்ணுதான். விரலுக்கு அடியில ஒரு பொத்தான் வச்சிருக்கேன். திரையில அ, ஆ, இ, ஈன்னு ஒவ்வொண்ணா வெளிச்சம் நகரும். வேணுங்கற எழுத்துக்கு வரும்போது அமுக்கணும். எழுதி முடிச்சுட்டு 'பேசு'ங்கற கட்டத்தை அமுக்கினா ஒரு பொம்பளைக் குரல் அதை வாசிக்கும். யாரோ பேங்க்ல டோக்கன் கூப்பிடுதவ மாதிரி குரல். அந்தக் குரல் முதல் தடவை "அத்தான்"னு கூப்பிட்டப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இப்ப அதுதான் தங்கத்தோட குரல்.

டாக்டர் இன்னொண்ணும் சொன்னாங்க. மாஸ்க் இனி ரொம்ப நாள் தாங்காதாம். தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வச்சு மிஷின்ல மாட்டணும், இல்லைன்னா வேண்டாம்னு விடணும். மூச்சு முட்டுத நேரத்துல கேட்டுட்டு இருக்க முடியாது, இப்பவே பேஷண்ட் வாயால சொல்லணும்னாங்க. வாயால எங்க சொல்ல! கட்டை விரலாலதான் சொல்லணும். அதுக்குக் கம்ப்யூட்டர் வேணும். ஆகவே முதல் வேலை இதைச் சரி பண்ணறது.

ஜூன் 4, புதன்

மூச்சு: அதேதான். கஞ்சி: அரை டம்ளருக்கும் கீழ.

ரோஸ்லின் வந்து தங்கத்துக்கு உடம்பு துடைச்சு விட்டுட்டு இருக்கும்போதே வேலையை ஆரம்பிச்சேன். ரோஸ்லின் பகல் முழுக்க தங்கத்தைப் பாத்துக்கறவ. சமாதானபுரத்துலேர்ந்து வாரா. கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம்.

பிரிண்டர், ஸ்பீக்கர், கேமரா எல்லாத்தையும் உருவினேன். பொத்தானையும் உருவினேன். மொட்டையா வச்சு ஸ்டாண்ட்பைக்கு அனுப்பினேன். அப்பவும் நின்னுடுச்சு. ஆக, வெளியில மாட்டினது எதுவும் குத்தவாளி இல்ல. கோளாறு உள்ளதான்.

"என்ன அண்ணாச்சி, கோழியை உரிச்சுப் போட்ட மாதிரி போட்டிருக்கீங்க? அக்கா எப்படிப் பேசுவாங்க?"ன்னா.

"மத்தியானத்துக்குள்ள மாட்டிருவேன்"னேன்.

மாட்டும்போது சாயங்காலம் ஆயிடுச்சு. அவசரப்பட்டு மாட்டி என்ன செய்ய? வேலைன்னா முறையாப் பாக்கணும்.

ஒண்ணு சொல்லணும். வேற யாராவது இந்தக் கம்ப்யூட்டரை வச்சிருந்தா இவ்வளவு தொந்தரவு வந்திருக்காது. எழுதின உடனே 'பேசு'வை அமுக்கிட்டுப் போயிருப்பாங்க. தங்கம் அமுக்க மாட்டா. எழுதி முடிச்சு, முதல்லேர்ந்து வாசிப்பா. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் பின்னால போய்ப் போட்டுட்டு, மறுபடி முதல்லேர்ந்து வாசிப்பா. இருபத்தெட்டு வருசம் எங்க டி.டி.பி கடையில ப்ரூஃப் பாத்தவ. கல்யாணப் பத்திரிகையை ரெண்டு தடவை வாசிக்காம பிரஸ்ஸுக்கு அனுப்பினதே இல்ல. "நல்லாத்தான இருக்கு, அடிச்சுக் கொடுங்க"ன்னு பார்ட்டி குதிப்பாங்க. "குதிங்க, நான் வாசிச்சுட்டுத் தாரேன்"னு சொல்லுவா. ஒரு அப்பா, பொண்ணு பேருக்குப் பதிலா ஏற்கெனவே கட்டிக் கொடுத்த மூத்தவ பேரை எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு. புடிச்சது இவதான்.

அவ வாசிக்கற நேரத்துலதான் கம்ப்யூட்டருக்கு அஞ்சு நிமிசம் ஆயிடுது.

ஜூன் 5, வியாழன்

இன்னைக்கும் அதேதான். எழுத ஒண்ணுமில்ல.

ஜூன் 7, சனி

மூச்சு: நேத்தை விட மேல்மூச்சு. கஞ்சி: நாலஞ்சு ஸ்பூன்.

மதுரையிலேர்ந்து நெல்லையப்பன் போன் பண்ணினார். தங்கத்தோட ஒரே அண்ணன், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அவர் பேசினா மேனேஜர் பேசுத மாதிரியே இருக்கும். தங்கச்சி குரல் கேக்காது, என் குரலாவது அவளுக்குக் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போடச் சொன்னார். போட்டேன்.

"என்ன மாப்ள, இன்னும் என்ன யோசனை? குழாயைப் போடச் சொல்ல வேண்டியதுதான?"

"அவளே சொல்லணும்னு டாக்டர் சொல்லுதாங்க மச்சான்."

"அவ என்ன சொல்லுவா? உங்களுக்குப் பாரமா இருக்கோம்னு நினைச்சு வேண்டாம்பா. நீங்கதான சொல்லணும்? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாலு பேர் யாரைக் கேப்பாங்க? உங்களைத்தான். நானும் உங்களைத்தான் கேப்பேன். புள்ளைகுட்டி இருந்தாலும் பரவால்ல. இருக்கறது நீங்க ஒரு ஆளு."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. நான் என்னமோ வேண்டாம்னு சொன்ன மாதிரி! நான் எங்கய்யா வேண்டாம்னேன்? எனக்கு அவ வேணும். குழாயோட வேணும், மிஷினோட வேணும், எப்படியானாலும் வேணும். அதை அவர்கிட்டச் சொல்லல. "சரி மச்சான்"னு வச்சுட்டேன்.

தங்கம் கூரையைப் பாத்துட்டே இருந்தா. அப்புறம் கட்டை விரல் அசைஞ்சுது. எழுத ஆரம்பிச்சா. அரை மணி நேரத்துக்கும் மேல எழுதினா. வாசிக்க ஆரம்பிச்சா. கம்ப்யூட்டர் நின்னுடுச்சு.

ஜூன் 9, திங்கள்

ஆஸ்பத்திரி. வேன் வச்சுக் கூட்டிட்டுப் போனோம். மூச்சு டெஸ்ட் எடுத்தாங்க. போன மாசத்தை விட நல்லாவே குறைஞ்சிருக்கு.

டாக்டர் ஹமீதா நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கத்தோட முகத்துக்கு நேரா உக்காந்தாங்க. "அம்மா, கண்ணால சொல்லுங்க. சரின்னா ஒரு தடவை மூடுங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. தொண்டையில குழாய் வைக்கலாமா?"

தங்கம் ரெண்டு தடவை மூடினா.

அந்த ரூம்ல ஏ.சி காத்து நேரா மூஞ்சியில அடிச்சுட்டு இருந்துச்சு. தங்கத்துக்குக் கண்ணு சீக்கிரம் காஞ்சு போகும், சிமிட்டிட்டேதான் இருப்பா. அதைத்தான் டாக்டர்கிட்டச் சொன்னேன். "கண்ணை நம்பி இவ்வளவு பெரிய முடிவை எடுக்கலாமா டாக்டர்? கம்ப்யூட்டர்ல அவளே முழுசாச் சொல்லட்டும்."

டாக்டர் என்னைப் பாத்தாங்க. அப்புறம் அவளைப் பாத்து, "கம்ப்யூட்டர்ல சொல்றீங்களாம்மா?"ன்னாங்க.

தங்கம் ஒரு தடவை மூடினா. நல்லா இறுக்கி மூடித் திறந்தா. பாத்தீங்களா, அவளுக்கும் அதுதான் இஷ்டம்.

"கம்ப்யூட்டரைச் சீக்கிரம் சரி பண்ணுங்க சார். ரொம்ப நாள் இல்ல"ன்னாங்க.

"அது என் தொழில் டாக்டர், ரெண்டு நாள்ல முடிச்சுருவேன்"னேன்.

வர்ற வழியெல்லாம் ரோஸ்லின் வாயே திறக்கல. அவளுக்கு என்ன வந்துச்சோ.

ஜூன் 10, செவ்வாய்

மூச்சு: மோசம். மாஸ்க் பகல்லயும் வேண்டியிருக்கு.

ரோஸ்லின் இன்னைக்கு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா. "ஏன் அண்ணாச்சி, தூங்கப் போனாத்தான நிக்குது? தூங்கவே விடாம வச்சா என்ன? எங்க மதினி மவன் போன்ல அப்படித்தான் வச்சிருக்கான். வெளிச்சம் அணையவே செய்யாது."

"அது ஒட்டுப் போடற வேலை ரோஸ்லின். காய்ச்சல் எதனாலன்னு பாக்காம நெத்தியில ஈரத்துணியைப் போட்டா ஆச்சா? மூல காரணத்தைக் கண்டுபிடிக்கணும். ஒட்டு வேலை பாத்து ஒரு மிஷினையும் கஸ்டமர் கையில கொடுத்தவன் இல்ல நான்."

"அப்ப அக்கா கஸ்டமரா?"

கோவம் வந்துடுச்சு. "நீ உன் வேலையைப் பாரு"ன்னுட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். பாவம், தங்கத்துக்கு எச்சி வழிஞ்சா நான் பாக்கறதுக்கு முந்தி அவ பாக்குதா.

ஆனா நான் சொன்னது சரிதான். ஒரு மிஷின் நிக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்.

ஜூன் 13, வெள்ளி

கம்ப்யூட்டரைத் திறந்து மெமரியைக் கழட்டித் துடைச்சு, வேற மெமரி போட்டுப் பாத்தேன். உள்ள ஒரு கரப்பான் காஞ்சு கிடந்துச்சு. "இந்தப் பாவிதான் காரணம்!"னு ரோஸ்லினுக்கு ஒரே சந்தோசம். கோவத்தை மறந்துட்டா. கரப்பான் இல்லாமலும் நின்னுடுச்சு.

நடுவுல கம்ப்யூட்டர் ஓடின நேரத்துல தங்கம் எனக்கு ஒண்ணு சொன்னா. "மோர் புளிச்சுடுச்சு. வாடை வருது. குடிக்காதீங்க."

கஞ்சி ரெண்டு ஸ்பூன் இறங்கல, என் மோரைப் பத்திக் கவலை. நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். அவ முன்னால அழக் கூடாதுன்னு ஒரு வைராக்கியம். அங்க நின்னு அழுதேன். அப்புறம் மோரைக் கொட்டினேன். புளிச்சுதான் இருந்துச்சு.

திரும்பி வரும்போது பெருசா ஒண்ணு எழுத ஆரம்பிச்சிருந்தா. "அண்ணனும் டாக்டரும் இருக்கும்போது நான்" வரைக்கும் கண்ணுல பட்டுச்சு. அதுக்கு மேல நான் பாக்கல. ப்ரூஃப் பாக்கறவங்க சரின்னு சொல்லற வரைக்கும் அடுத்த ஆள் எட்டிப் பாக்கக் கூடாது, அது எங்க கடைச் சட்டம்.

பாதியில இளைச்சுப் போய்க் கண்ணை மூடிட்டா. திரை கறுத்துடுச்சு.

ஜூன் 16, திங்கள்

மதர்போர்டோட பயாஸை, போர்டுக்குள்ளயே இருக்கற அடிப்படை ப்ரோகிராமை, மாத்தினேன். கம்பெனி சைட்லேர்ந்து புதுசை இறக்கி ஏத்தறதுக்குள்ள உயிர் போயிட்டு வந்துச்சு. ஏத்தும்போது கரண்ட் போச்சுன்னா போர்டே செத்துடும். எங்க வண்ணார்பேட்டை பூரா இன்னைக்குக் கரண்ட் போய்ப் போய் வருது. யு.பி.எஸ்ஸை நம்பிப் போட்டேன். நல்லபடியா முடிஞ்சுது.

ஸ்டாண்ட்பைக்கு அனுப்பினேன். நின்னுடுச்சு.

எனக்கு ஏனோ ஏமாத்தமா இல்ல. இன்னும் பாக்க எவ்வளவோ இருக்கு. டிஸ்ப்ளே டிரைவர் இருக்கு, பவர் சப்ளை இருக்கு, விண்டோஸையே அழிச்சுட்டுப் புதுசாப் போடலாம். அதுக்கு மட்டும் ரெண்டு மூணு நாள் பிடிக்கும். பொறுமையா ஒவ்வொண்ணாப் பாக்கணும்.

டாக்டர் போன் பண்ணினாங்க. "வேலை நடந்துட்டு இருக்கு டாக்டர்"னேன்.

ஜூன் 18, புதன்

மூச்சு: பேசிட்டு இருக்கும்போதே வாய் நீலமா ஆகுது. நான் பேசிட்டு இருக்கும்போதுன்னு எழுதணும். அவ எங்க பேசுதா.

காலையில மாஸ்க்கை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினா. எடுத்தோம். எழுத ஆரம்பிச்சா. பத்து எழுத்துக்கு ஒரு தடவை நின்னு நின்னு மூச்சு வாங்கினா. ரோஸ்லின் பக்கத்துல நின்னு விசிறினா. மத்தியானம் வரைக்கும் எழுதினா. கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து நான் துவைச்ச துணி மடிச்சுட்டு இருந்தேன். திரையில எழுத்து ரொம்பி இருந்துச்சு. நான் வாசிக்கல.

விரல் நின்னுச்சு. வாசிக்க ஆரம்பிச்சுட்டான்னு தெரிஞ்சுது. கண்ணு இடதுலேர்ந்து வலதுக்குப் போகும், மறுபடி இடதுக்கு வரும். மெதுவா. அவளுக்கு இப்ப கண்ணுலயும் தெம்பு இல்ல.

ஸ்டாண்ட்பைக்குப் போறதுக்கு முந்தி திரை கொஞ்சம் மங்கும். மங்கின உடனே மவுஸை லேசாத் தொட்டாப் போதும், பழையபடி வந்துடும். மங்குச்சு. என் மடியில துணி இருந்துச்சு. மவுஸ் எட்டல. எட்டுறதுக்குள்ள கறுத்துப் போச்சு.

கஞ்சியோட வாசல்ல நின்ன ரோஸ்லின், "அண்ணாச்சி, மவுஸ் உங்க முட்டிகிட்டத்தான இருக்கு?"ன்னா.

தங்கம் திரையைப் பாக்கல, என்னைப் பாத்தா. கோவமாப் பாத்திருந்தாப் பரவால்ல. கடைக்கு வர்ற பார்ட்டி தப்பா எழுதிக் கொடுத்தா, அவங்க மனசு நோகாம சொல்லுததுக்கு ஒரு பார்வை வச்சிருப்பா. அப்படிப் பாத்தா. கண்ணுலேர்ந்து தண்ணி காதுக்குள்ள ஓடுச்சு. அவளால துடைக்க முடியாது. நான் துடைச்சு விட்டேன். கண்ணு காஞ்சாலும் தண்ணி வரும்.

இதுக்கு மேல எழுத ஓடல.

ஜூன் 19, வியாழன்

கண்ட்ரோல் பேனல். பவர். ஸ்டாண்ட்பை: ஒருபோதும் வேண்டாம். சேமி.

போட்ட காப்பி ஆறல, அதுக்குள்ள முடிஞ்சுடுச்சு.

மூல காரணம் தெரியல.

ஜூன் 20, வெள்ளி

தங்கம் சொன்னது: "அண்ணனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்க. டாக்டரையும்."

ரெண்டு பேருக்கும் போன் பண்ணினேன். நெல்லையப்பன், "ஏன், என்ன விசயம்?"னார். "உங்க தங்கச்சி கூப்பிடுதா, வாங்க"ன்னேன். டாக்டர் ஆஸ்பத்திரி முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில வாரேன்னாங்க. நல்ல மனுசி.

கஞ்சி: இல்ல. ரெண்டு ஸ்பூன் இளநி.

ஜூன் 21, சனி

இன்னைக்குப் பூரா எழுதினா. காலையில கொஞ்சம், மாஸ்க், கொஞ்சம், மாஸ்க். கம்ப்யூட்டர் கல்லு மாதிரி நின்னு வேலை செஞ்சுது. நான் வெளியிலயே உக்காந்திருந்தேன். ரோஸ்லின் வந்து, "அண்ணாச்சி, அக்கா ரெண்டாம் தடவை வாசிக்காங்க"ன்னு சொல்லிட்டுப் போனா.

ஜூன் 22, ஞாயிறு

நெல்லையப்பன் பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு வந்தார். யார் குடிக்க? வச்சுட்டுத் தங்கச்சியைப் பாத்தார். போன தீபாவளிக்குப் பாத்ததுதான். மனுசன் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டார். மேனேஜர் எல்லாம் எங்கயோ போயிட்டார். டாக்டர் வந்தாங்க. ரோஸ்லின் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு நேரா இங்க வந்து, வாசல்ல முக்காடு போட்டுட்டு நின்னா.

தங்கம் எல்லாரையும் ஒரு தடவை பாத்துட்டு 'பேசு'வை அமுக்கினா. அந்த பேங்க்காரி குரல் நிறுத்தி நிறுத்தி வாசிச்சுது. எழுதினபடியே இங்க எழுதுதேன்.

"என் பெயர் ஆவுடைத்தங்கம். எனக்கு நினைவு நன்றாக இருக்கிறது. தொண்டையில் குழாய் வேண்டாம். இது நானே எடுத்த முடிவு. என் வீட்டுக்காரர் குழாய் வைக்கத்தான் ஆசைப்பட்டார். நான்தான் மறுத்தேன். அண்ணா, நாளைக்கு யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. நீயும் கேட்கக் கூடாது."

நெல்லையப்பன் தோள்ல கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திட்டார். டாக்டர் தங்கத்தோட கையைப் பிடிச்சுட்டு, "சரிம்மா. மூச்சு முட்டி நீங்க கஷ்டப்படாம நான் பாத்துக்கறேன்"னாங்க. தங்கம் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தா.

வேண்டாம்னுதான் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில கண்ணை மூடினப்பவே தெரியும். மத்தது எனக்குத் தெரியாது. சாமி சத்தியமாத் தெரியாது. வேண்டாம்னு சொல்லுததுக்கு இவ்வளவு எழுதணுமான்னு நினைச்சேன். நாலு எழுத்துல முடியற விசயத்துக்கு, ஒரு மூச்சு விட ததிங்கிணத்தோம் போடற பொம்பளை, எனக்காக இவ்வளவு எழுதியிருக்கா. அதைத்தான் நான் இத்தனை நாள்...

நெல்லையப்பன் போகும்போது என் கையைப் பிடிச்சார். "மாப்ள, நான் போன்ல பேசினதை மனசுல வச்சுக்காதீங்க."

"விடுங்க மச்சான்"னேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாஸ்க் இப்ப எடுக்கவே முடியல. டாக்டர் சொட்டு மருந்து ஒண்ணு கொடுத்திருக்காங்க, மூச்சுத் திணறல் தெரியாம இருக்க.

ரோஸ்லின் கடைக்குப் போயிருந்தா. நானும் தங்கமும் மட்டும். கேக்கக் கூடாதுன்னு ரெண்டு நாளா நாக்கைக் கடிச்சுட்டு இருந்தேன். முடியல. கட்டில் ஓரத்துல தலையை வச்சுட்டுக் கேட்டேன்.

"தங்கம், எனக்காக இரேன். குழாய் வச்சாலும் உன்னை நான் பாத்துக்க மாட்டேனா? ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா? நீ சும்மா படுத்துட்டு இரு, அது போதும் எனக்கு. மோர் புளிச்சிருக்குன்னு சொல்லிட்டு இரு. எனக்கு வேற யாரு இருக்கா?"

புள்ள மாதிரி அழுதேன். வைராக்கியமாவது ஒண்ணாவது. அவ விரல் அசையல. என் தலைக்குப் பக்கத்துலதான் அவ கை இருந்துச்சு. அதை எடுத்து என் தலை மேல வச்சுக்கிட்டேன்.

ஜூன் 25, புதன்

மாஸ்க்கோடயே எழுதினா. காலையில ஆரம்பிச்சது, ரோஸ்லின் மத்தியானச் சோறு வடிக்கற வரைக்கும். நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எட்டிப் பாக்கல. திரை அணையல. அவ ரெண்டு தடவை வாசிச்சு முடிச்சு அமுக்கற வரைக்கும் கம்ப்யூட்டரும் நானும் காத்துட்டு இருந்தோம்.

"அத்தான், உங்களுக்காகத்தான் மூணு வருசமும் இருந்தேன். இப்ப ரொம்ப அசதியா இருக்கு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

"சரி"ன்னேன். அவ கேட்டதுக்கு நான் இத்தனை நாள்ல ஒழுங்காச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

ஜூன் 28, சனி

விரல் இப்ப பொத்தானை அமுக்கற அளவுக்கு இல்ல. ரோஸ்லின் பொத்தானை எடுத்துட்டுக் கைக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டா. கட்டை விரல்ல பொத்தானோட அச்சு விழுந்து கிடந்துச்சு.

நான் கடையில நடந்த கதையெல்லாம் சொல்லிட்டு இருக்கேன். கேக்குதா. கண்ணு சிரிக்குது.

ஜூலை 2, புதன்

மூச்சு: எழுதப் பிடிக்கல.

ஜூலை 6, ஞாயிறு

இன்னைக்குக் காலையில தங்கம் போய்ட்டா. திணறல் ஒண்ணும் இல்ல. டாக்டர் சொன்ன மாதிரியே செஞ்சாங்க. நான் கையைப் பிடிச்சுட்டு இருந்தேன். மாஸ்க் மட்டும் கொஞ்ச நேரம் காத்தை விட்டுட்டே இருந்துச்சு. ரோஸ்லின்தான் அணைச்சா. எனக்குத் தோணல.

ஜூலை 8, செவ்வாய்

நேத்தே எல்லாம் முடிஞ்சுது. இன்னைக்கு டவுன்ல தேரோட்டம், வழியெல்லாம் அடைச்சு விட்டிருக்காங்க. துட்டி கேக்க வந்தவங்க சுத்திச் சுத்தி வந்து சேந்தாங்க. வீட்டுக்குள்ள ஒரே கூட்டம். எனக்கு யார் முகமும் மனசுல நிக்கல.

தங்கத்துக்கு ஒண்ணுவிட்ட அத்தை, கடையநல்லூர்க்காரி, எல்லார் முன்னாலயும் கேட்டுட்டா. "தொண்டையில குழாய் போட்டா வருசக்கணக்குல இருக்கலாம்னாங்களே, அதைப் போடாம விட்டுட்டாராமே?"

நாலஞ்சு பேர் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

நெல்லையப்பன் எழுந்தார். "அவர் போடத்தான் சொன்னார் அத்தை. என் தங்கச்சிதான் வேண்டாம்னா. என் முன்னால சொன்னா. அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டுத்தான் போயிருக்கா." சொல்லும்போதே குரல் உடைஞ்சு போச்சு.

அத்தை வாயை மூடிட்டா. அதுக்கு அப்புறம் யாரும் கேக்கல. அவ நினைச்சது நடந்துடுச்சு. அவ நினைச்சது எதுதான் நடக்காம இருந்திருக்கு.

கூட்டம் கலைஞ்ச பிறகு ரோஸ்லின் ஒரு தட்டுல சோறும் ரசமும் கொண்டுவந்து முன்னால வச்சா. "அண்ணாச்சி, நேத்துலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல"ன்னா.

பசி இல்ல. வேண்டாம்னு சொல்லத்தான் வாய் திறந்தேன்.

பிசைஞ்சு சாப்பிட்டேன். தொண்டையில இறங்க மாட்டேன்னுது, தண்ணி குடிச்சுட்டுச் சாப்பிட்டேன். ரோஸ்லின் சுவத்துல சாஞ்சு நின்னு முந்தானையால கண்ணைத் துடைச்சுட்டே இருந்தா. "இன்னும் கொஞ்சம் போடவா?"ன்னா. போடச் சொன்னேன்.